குழாய் உறைவது ஓரிடம், வெடிப்பது வேறிடம்

பனிக்கட்டி விரிந்து குழாயைப் பிளக்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெடித்த செப்புக் குழாயைக் கழற்றிப் பார்க்கும் பிளம்பர்களுக்குத் தெரிந்த ஒன்று உண்டு. பல நேரங்களில் பிளவு, பனி இறுகியிருந்த இடத்தில் இருப்பதில்லை. அங்கிருந்து சில அடி தள்ளி, தொட்டால் அவ்வளவாகக் குளிராத பகுதியில் இருக்கும்.

குழாய்க்குள் அசையாமல் நிற்கும் தண்ணீர் 0 டிகிரியைத் தொட்டதும் உறைந்துவிடாது. மைனஸ் 3, மைனஸ் 4 வரைகூடத் திரவமாகவே இறங்கும். பிறகு சட்டென்று ஊசி ஊசியாகப் பனித் துகள்கள் பரவும், தண்ணீரின் வெப்பநிலை மறுபடி 0-க்கு ஏறும். அதற்குப் பின் குழாய்ச் சுவரிலிருந்து உள்நோக்கி வளையமாகப் பனி வளரும். வளையம் நடுவில் முட்டி முழு அடைப்பாகும் வரை ஆபத்தில்லை, ஏனென்றால் கூடுகிற கன அளவுக்கு ஏற்பத் தண்ணீர் பின்வாங்கித் தெருக் குழாய்ப் பக்கம் போய்விடும். அடைப்பு விழுந்ததும் கணக்கு மாறுகிறது. அடைப்புக்கும் மூடிய டாப்புக்கும் நடுவில் சிக்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. பனி நீள நீள அந்தத் தண்ணீரை ஒரு பிஸ்டனைப் போல நெருக்குகிறது. தண்ணீர் ஏறக்குறைய அமுங்காத பொருள். வீடுகளில் வழக்கமாக 40 முதல் 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை இருக்கும் அழுத்தம் ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. அந்த நீளத்தில் எங்கே பலவீனமோ அங்கே செப்பு உப்பி, நீளவாக்கில் கிழிகிறது.

இதைப் புரிந்துகொண்டால் "டாப்பைச் சொட்ட விடுங்கள்" என்ற பழைய அறிவுரைக்கு அர்த்தம் கிடைக்கும். ஓடும் தண்ணீர் உறையாது என்பது காரணத்தில் ஒரு பங்குதான். மெல்லிய சொட்டு இருந்தாலும் குழாய் உறையலாம். ஆனால் டாப் திறந்திருந்தால் சிக்கிய தண்ணீருக்கு ஒரு வாசல் இருக்கிறது, அழுத்தம் ஏறாது, குழாய் தப்பும். காலையில் தண்ணீர் வராத தொல்லையோடு போய்விடும்.

கூடவே ஒரு வரம்பையும் புரிந்துகொள்ள வேண்டும். திறந்த டாப் தன் கிளையை மட்டுமே காக்கும். மாடிக் குளியலறை டாப் சொட்டிக்கொண்டிருப்பதால் சமையலறைக் குழாய்க்குப் பயனில்லை. கழிப்பறைத் தொட்டியும், துணி துவைக்கும் இயந்திரமும், பிரிட்ஜின் ஐஸ் மேக்கரும் தங்கள் வால்வுகளை மூடியே வைத்திருக்கும். அவற்றுக்குப் போகும் கிளைகள் எப்போதும் மூடிய முனைகள்தான்.

எந்தக் குளிரில் கவலைப்பட வேண்டும்?

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் இதைச் சோதித்தார்கள். காப்பு இல்லாத கூரையடியில் ஓடும் குழாய்களுக்கு, வெளி வெப்பநிலை மைனஸ் 6.7 டிகிரி, அதாவது 20 டிகிரி ஃபாரன்ஹீட், அபாயம் தொடங்கும் எல்லை என்று கண்டார்கள். இந்த எண் தென் மாநிலங்களின் வீடுகளை மனதில் வைத்தது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் நடந்தது அதற்கு விளக்கவுரை மாதிரி. டாலஸில் 16ஆம் தேதி மைனஸ் 2 ஃபாரன்ஹீட், ஏறக்குறைய மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். அங்கே பல வீடுகளில் குழாய்கள் கூரையடியிலும் வெளிச்சுவர்களிலும் ஓடுகின்றன, ஏனென்றால் அந்த ஊரில் கவலை வெயிலைப் பற்றியது. அதோடு 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் மின்சாரமும் போனதால் வீட்டுக்குள் இருந்த சூடும் கைவிட்டது.

கனடாவின் டொரண்டோவில் நிலைமை வேறு. ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன், ஏஜாக்ஸ் பக்கத்து வீடுகள் குளிருக்காகவே கட்டப்பட்டவை. குழாய்கள் பெரும்பாலும் பேஸ்மென்டிலும் உட்சுவர்களிலும் ஓடுகின்றன. மைனஸ் 10 வந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மைனஸ் 20-ல் இரண்டு இரவும், கூடவே வடமேற்குக் காற்றும் சேர்ந்தால்தான் வீட்டின் பலவீனமான இடங்கள் வெளிப்படும். காற்றின் பங்கைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இன்டர்நெட் கேபிளுக்காகச் சுவரில் போட்ட விரலளவு துளை வழியே நுழையும் காற்று, சுற்றிலும் காப்புப் பஞ்சு இருந்தாலும், ஒரு முழங்கை வளைவை மட்டும் உறைய வைக்கப் போதும்.

வீட்டில் பலவீனம் எங்கே

முதலில் பார்க்க வேண்டியது ரிம் ஜாய்ஸ்ட் எனப்படும் இடம். பேஸ்மென்டின் கான்கிரீட் சுவர் முடிந்து தரைத் தளத்தின் மர உத்திரங்கள் வந்து உட்காரும் விளிம்பு அது. பழைய வீடுகளில் அங்கே இரண்டு உத்திரங்களுக்கு நடுவே ஒரு துண்டு கண்ணாடியிழைப் பஞ்சைத் திணித்து விட்டிருப்பார்கள். பஞ்சு காற்றைத் தடுக்காது. வெளி டாப்புக்குப் போகும் குழாயும் சமையலறைக்கு ஏறும் குழாயும் பெரும்பாலும் இந்த விளிம்பை ஒட்டித்தான் போகும். பஞ்சை எடுத்துவிட்டு, 2 அங்குலத் திட ஃபோம் பலகையை அளவாக வெட்டிப் பொருத்தி, நான்கு ஓரத்தையும் ஸ்ப்ரே ஃபோமால் அடைப்பதுதான் சரியான வேலை. குழாய் அந்தப் பலகைக்கு உட்புறம், வீட்டுச் சூட்டின் பக்கம் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியம் வீடு முழுக்கப் பொருந்தும். காப்பு குழாய்க்கும் வெளிக் குளிருக்கும் நடுவில் இருக்க வேண்டும், குழாய்க்கும் அறைச் சூட்டுக்கும் நடுவில் இருக்கக் கூடாது. சமையலறை சிங்க் வெளிச்சுவரில் இருக்கும் வீடுகளில், சுவரைத் திறந்து குழாயின் இரு பக்கமும் பஞ்சை அடைத்து "நன்றாகப் போர்த்திவிட்டோம்" என்று மூடிவிடுகிறார்கள். அறையிலிருந்து வரக்கூடிய கொஞ்சச் சூட்டையும் தாங்களே மறித்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது கராஜ். கராஜுக்கு மேலே குளியலறை இருந்தால், அதன் குழாய்கள் கராஜ் கூரைக்குள் போகும். அந்தக் கூரையில் காப்பு ஒழுங்காக இல்லை என்றால் அங்கேதான் முதலில் உறையும். கராஜ் கதவைச் சாத்தி வைப்பது காசில்லாத வைத்தியம். கராஜுக்குள்ளேயே சிங்க் வைத்து, பெரிய சமையலையும் மீன் கழுவுவதையும் அங்கே வைத்துக்கொள்ளும் வீடுகள் நம்மவர்களிடம் உண்டு. அந்தச் சிங்குக்கு வீட்டுக்குள்ளிருந்து தனி வால்வு இருக்க வேண்டும். நவம்பரில் அதை மூடி, குழாயை வடித்துவிட வேண்டும். கராஜில் ஒரு ஹீட்டரை நம்பி இருப்பது ஆபத்தான சூதாட்டம்.

பேஸ்மென்டை வாடகைக்கு விடுவதற்காக இரண்டாவது சமையலறை கட்டும்போது வேறு ஒரு சிக்கல் வருகிறது. இடம் மிச்சம் பிடிக்க சிங்கை வெளிச்சுவரில் வைப்பார்கள். கூரையை ட்ரைவால் எனப்படும் ஜிப்சம் பலகையால் மூடுவார்கள். அந்த மூடலுக்குள் வெளி டாப்பின் வால்வு போய்விடும், சில வீடுகளில் மெயின் வால்வே போய்விடும். ட்ரைவாலுக்கு மேலே இருக்கும் குழாய்களுக்கு அறைச் சூடும் குறைவாகவே எட்டும். வேலை நடக்கும்போதே ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு அடிச் சதுரத்தில் திறந்து மூடும் தட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரருக்கு அது அரை மணி நேர வேலை. பிறகு செய்தால் கூரையை வெட்ட வேண்டும்.

முன்வாசல் படிக்குக் கீழே இருக்கும் குளிர் அறை, வெளிச்சுவரைத் தாண்டி நீட்டிக் கட்டிய ஜன்னல் மாடம், வாயில்படி ஓரத்துச் சலவை அறை ஆகியவற்றின் வழியே குழாய் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயின் பொருளும் கணக்கில் சேரும். 1950கள், 60களின் ஸ்கார்பரோ வீடுகளில் செப்பு. புதிய குடியிருப்புகளில் பெக்ஸ் எனப்படும் வளையும் பிளாஸ்டிக். பெக்ஸ் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், அதனால் உறைந்தும் பிழைப்பது அதிகம். அதை வைத்து "பெக்ஸ் வெடிக்காது" என்று முடிவு கட்டுவது தவறு, அதன் பித்தளை இணைப்புகளும் வால்வுகளும் விரியாது. சிபிவிசி எனப்படும் விறைப்பான பிளாஸ்டிக் குழாய் குளிரில் நொறுங்கும் தன்மையது. நீளமாகச் சிதறி உடையும்.

போர்வையும் மின் கேபிளும்

கடையில் கிடைக்கும் கறுப்பு ஃபோம் உறையை வாங்குமுன் அளவைப் பாருங்கள். அரை அங்குலம் என்று சொல்லப்படும் செப்புக் குழாயின் வெளி விட்டம் 5/8 அங்குலம், ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். முக்கால் அங்குலக் குழாய்க்கு 7/8 அங்குலம், 22 மில்லிமீட்டர். பெக்ஸும் அதே அளவுதான். தளர்வான உறைக்குள் காற்று ஓடினால் போட்டும் பயனில்லை. வளைவுகளில் 45 டிகிரியில் வெட்டிப் பொருத்தி, நீளவாட்டு இணைப்பை நாடாவால் ஒட்ட வேண்டும். பெரும்பாலோர் நேர்க் குழாயை அழகாகப் போர்த்தி, வளைவையும் வால்வையும் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள். உறைவது அங்கேதான்.

ஃபோம் உறை சூடு தராது. இருக்கும் சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தண்ணீர் அவ்வப்போது ஓடும் குழாய்க்கு அந்தத் தாமதம் போதும். இரவு முழுக்க அசையாமல் நிற்கும் குழாய், மைனஸில் இருக்கும் காற்றில், சில மணி நேரம் பிந்தி உறையும்.

சூடேற்ற வேறு வழியே இல்லாத இடத்துக்குத்தான் மின் சூட்டுக் கேபிள். இதில் இரண்டு வகை. ஒன்று நீளம் முழுக்க ஒரே அளவு சூடு தருவது. மற்றது, குளிரும் பகுதியில் கூடவும் சூடான பகுதியில் குறையவும் தானே ஒழுங்குபடுத்திக்கொள்வது. வீட்டுக்கு இரண்டாவது வகையை வாங்குவதே நல்லது. முதல் வகையில் கேபிள் தன்மேல் தானே ஏறிக் கிடந்தால் அந்த இடம் எரிந்து தீப்பிடிக்க வழி உண்டு. எந்த வகையானாலும் குழாயின் அடிப்பக்கமாக நேராகப் படுக்க வைத்து, கேபிளோடு வந்த குறிப்பில் சொன்ன நாடாவால் ஓரடிக்கு ஒரு கட்டு போட வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் போடலாமா என்பதைப் பெட்டியில் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட்டோடு வரும் கேபிள் 3 டிகிரி அளவில் சூடு தரத் தொடங்கும். அதன் உணர்வி குழாயின் மிகக் குளிர்ந்த முனையில் இருக்க வேண்டும். மின்கசிவைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிளக்கில் மட்டுமே செருக வேண்டும். நீட்டிப்பு வயர் கூடாது. கனடாவின் பாதுகாப்புத் தரச் சான்றான சிஎஸ்ஏ முத்திரை இல்லாததை விலை மலிவு என்று இணையத்தில் வாங்க வேண்டாம்.

வெளி டாப்

தோட்டத்துக்கும் கார் கழுவவும் வைத்திருக்கும் வெளி டாப்தான் டொரண்டோவில் அதிகம் கெடுவது, எளிதில் தவிர்க்கக்கூடியதும் அதுவே. அக்டோபர் கடைசிக்குள் செய்துவிட வேண்டும். முதலில் ஹோஸைக் கழற்றுங்கள். பேஸ்மென்டில் அந்தக் குழாயைப் பின்தொடர்ந்து போனால் ஒரு வால்வு இருக்கும், அதன் பக்கவாட்டில் விரல் நுனி அளவுக்குப் பித்தளை மூடி ஒன்று இருக்கும். வால்வை மூடுங்கள். வெளியே போய் டாப்பை முழுதாகத் திறந்து, தண்ணீர் நிற்கும் வரை விடுங்கள். திரும்பி வந்து, கீழே வாளி வைத்து, பித்தளை மூடியைத் திருகிக் கழற்றுங்கள். அரை லிட்டர், ஒரு லிட்டர் வடியும். இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காற்று உள்ளே போக வழியில்லாமல் தண்ணீர் குழாயில் தொங்கிக்கொண்டே நிற்கும். மூடியைத் திரும்பப் போடுங்கள், உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் வாஷர் விழுந்துவிடாமல். வெளி டாப்பைக் குளிர்காலம் முழுக்கத் திறந்தே வையுங்கள்.

மூடியைக் கழற்றிய பிறகும் சொட்டு நிற்கவே இல்லை என்றால், வால்வு முழுதாக மூடவில்லை என்று பொருள். அப்படியே விட்டால் சொட்டும் தண்ணீர் வெளி முனையில் போய் உறையும். வாஷரையோ வால்வையோ மாற்ற வேண்டும்.

உறையாத டாப் என்று விற்கப்படும் வகையில், கைப்பிடி வெளியே இருந்தாலும் தண்ணீரை அடைக்கும் இருக்கை 8 முதல் 12 அங்குலம் உள்ளே, சூடான பகுதியில் இருக்கும். டாப்பை மூடியதும் அந்தத் தண்டில் உள்ள தண்ணீர் தானாக வெளியே வடிந்துவிடும். இதற்கு இரண்டு நிபந்தனைகள். தண்டு வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும், ஹோஸ் கழற்றப்பட்டிருக்க வேண்டும். ஹோஸை மாட்டியே வைத்தால் தண்டில் தண்ணீர் தேங்கி, உறைந்து, சுவருக்குள் தண்டு பிளக்கும். குளிர்காலத்தில் அது தெரியாது, ஏனென்றால் பிளவு தண்ணீரை அடைக்கும் இருக்கைக்கு வெளிப்புறம், டாப் மூடியிருக்கும்வரை அங்கே அழுத்தம் இல்லை. மே மாதம் செடிக்குத் தண்ணீர் விட டாப்பைத் திறந்த நிமிடத்தில் பேஸ்மென்டுக்குள் பீறிடும்.

எனவே வசந்தத்தில் முதல் முறை திறக்கும்போது ஒருவர் உள்ளே நின்று பார்க்க வேண்டும். தனியாக இருந்தால் ஒரு சோதனை: டாப்பைத் திறந்து வாயைக் கட்டைவிரலால் அடையுங்கள். நல்ல குழாயில் அழுத்தம் விரலைத் தள்ளிவிடும். விரலே தண்ணீரை நிறுத்திவிட்டால் அது உள்ளே எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. உடனே மூடுங்கள்.

கடுங்குளிர் இரவு

மைனஸ் 15-க்குக் கீழே முன்னறிவிப்பு வந்தால், மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் தெர்மோஸ்டாட்டை இறக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். சுவருக்குள் இருக்கும் குழாய்க்கு அறையின் சூடு மெல்லத்தான் போய்ச் சேரும். வெளிச்சுவரில் உள்ள சிங்குகளின் கீழ் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், குழந்தைகள் இருந்தால் கழுவும் திரவங்களை மேலே எடுத்துவிட்டு. பேஸ்மென்டில் ஆள் இல்லை என்று அங்கே சூட்டுக் காற்று வரும் வாய்களை மூடி வைப்பது இந்த ஊரில் பரவலான பிழை. வீட்டின் குழாய்களில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது.

சந்தேகமுள்ள டாப்பைச் சொட்ட விடுங்கள். ஒற்றைக் கைப்பிடி உள்ள டாப் என்றால் கைப்பிடியை நடுவில் வையுங்கள், சூட்டுக் குழாயும் குளிர்க் குழாயும் இரண்டும் திறந்திருக்கட்டும். சூட்டுக் குழாய் உறையாது என்ற நினைப்பில் அதை மறந்துவிடுகிறார்கள். இரவு முழுக்க நிற்கும் சூட்டுக் குழாயில் இருப்பது ஆறிப்போன தண்ணீர்தான். அளவு என்ன? அறுபடாத நூல் மாதிரி ஓட வேண்டும். 1 லிட்டர்ப் பாத்திரம் 2 அல்லது 3 நிமிடத்தில் நிறைகிற வேகம். பத்து மணி நேரத்துக்கு 200 முதல் 300 லிட்டர் வரும். கட்டணத்தில் அது பெரிய தொகையல்ல. செப்டிக் தொட்டி உள்ள நாட்டுப்புற வீட்டில் மட்டும் இந்த அளவு தொட்டியை நிறைக்கும். சிங்கின் வடிகுழாயும் வெளிச்சுவரில் இருந்தால் அதுவும் உறைந்து சிங்க் வழியலாம், படுக்கப் போகுமுன் ஒருமுறை சூடான தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

மின்சாரம் போனால்

2013 டிசம்பர் பனிமழையில் டொரண்டோவில் ஏறக்குறைய 3 லட்சம் மின் இணைப்புகள் அணைந்தன. ஸ்கார்பரோவில் கிறிஸ்துமஸ் தாண்டியும் இருட்டில் கிடந்த தெருக்கள் உண்டு. வீட்டைச் சூடாக்குவது எரிவாயு பர்னஸ் ஆயிற்றே, ஓடாதா என்று கேட்பார்கள். எரிவாயு வந்தாலும் அதன் விசிறிக்கும் கட்டுப்பாட்டுக்கும் மின்சாரம் வேண்டும். காப்பு சுமாரான வீடு ஒரு நாளைக்குள் 10 டிகிரிக்கு இறங்கிவிடும்.

வீட்டுக்குள் 7, 8 டிகிரி ஆகியும் மின்சாரம் வரும் அறிகுறி இல்லை என்றால் குழாய்களை வடித்துவிடுவது நல்லது. குடிக்கவும் கழுவவும் பாத்திரங்களில் பிடித்து வைத்துக்கொண்டு, மெயின் வால்வை மூடுங்கள். மேல்மாடியின் எல்லா டாப்களையும், சூடு குளிர் இரண்டையும், திறந்து வையுங்கள். பிறகு வீட்டின் மிகத் தாழ்வான டாப்பை, பெரும்பாலும் பேஸ்மென்டின் சலவைத் தொட்டியில் இருப்பது, திறந்தால் மேலிருந்து எல்லாம் அதன் வழி வடியும். கழிப்பறைகளை ஒருமுறை இழுத்துத் தொட்டியைக் காலி செய்யுங்கள். சிங்க், குளியல் தொட்டி, தரை வடிகால் ஆகியவற்றின் வளைவுகளில் தேங்கும் தண்ணீர் வடியாது. அவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை, இரண்டு கோப்பை இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தை ஊற்றலாம். அது புரொப்பிலீன் கிளைக்கால், முகாம் வண்டிகளுக்கு என்று கடையில் விற்பது. காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதை வீட்டு வடிகாலில் ஊற்றக் கூடாது.

வெந்நீர்த் தொட்டியை அவசரப்பட்டு வடிக்க வேண்டாம். 150 லிட்டருக்கு மேல் சூடான தண்ணீர் உள்ள தொட்டி ஆறவே நெடுநேரம் பிடிக்கும். தொட்டியில்லாத, சுவரில் மாட்டும் வெந்நீர் இயந்திரம்தான் பலவீனமானது. அதன் உறைதடுப்பு வேலை செய்வது மின்சாரத்தில். மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் மெல்லிய செப்புச் சுருள் மற்றக் குழாய்களுக்கு முன்னால் உறையும், மாற்றுவது குழாயை மாற்றுவதுபோல் மலிவும் அல்ல. கீழ்ப்பக்கம் உள்ள இரண்டு வால்வுகளை மூடி, வடிகால் மூடிகளைத் திறந்து காலி செய்யுங்கள். ரேடியேட்டரில் வெந்நீர் ஓடிச் சூடாகும் பழைய வீடு என்றால் அந்தச் சுற்றில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம், அதற்குரிய தொழில்நுட்பரை அழைக்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது

டிசம்பர் விடுமுறையில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மூன்று வாரம் போகிறவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன் காப்பீட்டுப் பத்திரத்தைப் படிக்க வேண்டும். கனடாவின் பல வீட்டுக் காப்பீடுகளில் ஒரு நிபந்தனை உண்டு. குளிர்காலத்தில் தொடர்ந்து 4 நாளுக்கு மேல் வீட்டில் இல்லை என்றால், தினமும் ஒருவர் வந்து சூடு ஓடுகிறதா என்று பார்க்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை மூடி எல்லாக் குழாய்களையும் வடித்திருக்க வேண்டும். இல்லையேல் குழாய் வெடித்த சேதத்துக்குப் பணம் மறுக்கப்படலாம். "மச்சானிடம் சாவி கொடுத்திருக்கிறோம், வாரம் ஒருமுறை பார்ப்பார்" என்பது அந்த வாசகத்துக்குப் பொருந்தாது.

எங்கள் கருத்தில் இரண்டையும் செய்வதே பாதுகாப்பு. மெயினை மூடி வடியுங்கள். வெந்நீர்த் தொட்டியை விடுமுறை நிலைக்கு இறக்குங்கள். தெர்மோஸ்டாட்டை 15 டிகிரியில் வையுங்கள், 13-க்குக் கீழே வேண்டாம். வருகிறவர் ஒவ்வொரு நாளும் தெர்மோஸ்டாட்டைப் படமெடுத்து அனுப்பட்டும், தேதியோடு அது சான்றாகிறது. மெயின் மூடியிருக்கும்போது பர்னஸ் நின்று குழாய் பிளந்தாலும், கொட்டுவது குழாயில் மிச்சமிருந்த சில லிட்டர்தான். மூடாத வீட்டில் அரை அங்குலக் குழாயிலிருந்து நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் 1,800 லிட்டர்.

மேலே நீங்களும் கீழே வாடகைக் குடும்பமும் இருக்கும் வீட்டில் தண்ணீரை மூட முடியாது. அங்கே பேஸ்மென்டில் இருப்பவர்களுக்கும் மெயின் வால்வைக் காட்டிக் கொடுங்கள். அது தெருப்பக்கச் சுவரில், தண்ணீர் மீட்டருக்கு அருகில் இருக்கும். நெம்புகோல் மாதிரிக் கைப்பிடி என்றால் கால் திருப்பில் மூடும், கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. வட்டச் சக்கரம் உள்ள பழைய வால்வு பல ஆண்டு அசையாமல் இறுகியிருக்கும். வருடம் ஒருமுறை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள், அசையவில்லை என்றால் கோடையிலேயே மாற்றுங்கள். அவசரத்தில் குறடு போட்டுத் திருகினால் தண்டு ஒடியும்.

உறைந்துவிட்டால்

ஒரு டாப்பில் மட்டும் தண்ணீர் இல்லை என்றால் அடைப்பு அந்தக் கிளையில். வீடு முழுக்க இல்லை என்றால் மீட்டருக்கு அருகிலோ தெருவிலிருந்து வரும் குழாயிலோ. டொரண்டோவில் இரண்டாவதற்கு நகராட்சியின் 311 எண்ணை அழைக்க வேண்டும்.

கிளை உறைந்திருந்தால் அந்த டாப்பைத் திறந்து வையுங்கள். குழாயின் முழு நீளமும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மெயினை மூடிவிட்டு உருக்குங்கள், ஏற்கனவே பிளந்திருந்தால் அதைப் பனிதான் அடைத்துக்கொண்டிருக்கும். உறைந்த பிறகு வெயில் ஏறும்போது வீடு நனைவது இதனால்தான். முடி உலர்த்தும் டிரையர், சூடான தண்ணீரில் நனைத்த துண்டு, மின் சூட்டுப் பட்டை, இவை போதும். டாப் பக்கத்திலிருந்து தொடங்கி அடைப்பை நோக்கிப் போக வேண்டும். உருகும் தண்ணீருக்கு வெளியேற வழி கிடைக்கும். நடுவில் தொடங்கினால் ஆவியோ தண்ணீரோ இரண்டு பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கும். எரிவாயு டார்ச் வேண்டவே வேண்டாம். உத்திரத்துக்குப் பின்னால் மரத்தூள் புகைந்து, ஒரு மணி நேரம் கழித்து எரியும். ஓடத் தொடங்கியதும் மெயினை மெதுவாகத் திறந்து, ஒவ்வொரு இணைப்பாகக் கையால் தடவிப் பாருங்கள்.

வெடித்திருந்தால் மெயினை மூடி, தாழ்ந்த டாப்பைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். கூரை நனைந்த அறையின் மின் இணைப்பைத் துண்டியுங்கள், ஆனால் தண்ணீரில் நின்றுகொண்டு மின்பெட்டியைத் தொடாதீர்கள். ட்ரைவால் கூரை உப்பித் தொங்கினால் கீழே வாளி வைத்து ஸ்க்ரூடிரைவரால் ஒரு துளை போடுவது மேல். இல்லையென்றால் முழுப் பலகையும் ஒரே நேரத்தில் விழும். எதையும் எறியும் முன் படமெடுங்கள். நனைந்த பஞ்சும் கம்பளமும் இரண்டு நாளுக்குள் வெளியேறாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

செப்பைத் தாமே ஒட்டிக்கொள்ளும் கைகாரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அழுத்தத்தில் குழாய் பிளந்த இடத்துக்கு இரு பக்கமும் உப்பியிருக்கும். அங்கே புது இணைப்பு ஏறாது, ஏறினாலும் கசியும். புது இணைப்பைக் குழாய்மேல் சரளமாக நழுவவிட்டுப் பார்த்து, வட்டமாக இருக்கும் இடம் வரை வெட்டியெடுக்க வேண்டும். அதே கிளையில் வேறு எங்கும் உப்பல் இருக்கிறதா என்று விரலால் உருவிப் பாருங்கள், அடுத்த முறை கிழியக் காத்திருப்பது அதுவே.

இங்கிலாந்தின் லண்டன் வீடுகளில் இதே குளிர் வேறு இடத்தைப் பிடிக்கும். அங்கே சுவரில் மாட்டிய பாய்லரிலிருந்து கழிவு நீரை வெளியேற்றும் 21.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய் வெளிச்சுவரில் ஓடுகிறது. மெல்லச் சொட்டும் தண்ணீர் அதில் உறைந்தால் பாய்லர் களகளவென்று ஒலித்து நின்றுவிடும். வெடிப்பு கிடையாது, சூடு மட்டும் போகும். கொதிக்காத வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாய்மேல் ஊற்றி பாய்லரை மறுபடி இயக்கலாம். நிரந்தரத் தீர்வு 32 மில்லிமீட்டர்க் குழாயும், மீட்டருக்குக் குறைந்தது 45 மில்லிமீட்டர் சரிவும், வெளியே கூடிய மட்டும் குறைந்த நீளமும்.

கனடாவில் குளிர் போன பிறகு வரும் உறைதலும் ஒன்று உண்டு. மண்ணுக்குள் குளிர் மெதுவாக இறங்குகிறது. மார்ச்சில் மேலே பனி உருகும்போதும் உறைவு கீழ்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் கார் நிறுத்துமிடத்தின் கீழே போனால் அபாயம் கூடுதல், ஏனென்றால் மண்ணைப் போர்த்தியிருக்கும் பனியை அங்கே நாம் வாரி எடுத்துவிடுகிறோம். 2014 குளிர்காலத்தில் வினிபெக்கில் பெரும் எண்ணிக்கையில் வீடுகளின் தெருக் குழாய்கள் இப்படி உறைந்தன. அபாயமுள்ள வீடுகளுக்குப் பென்சில் தடிமனில் ஒரு டாப்பை இரவும் பகலும் ஓடவிடச் சொல்லி நகராட்சி அறிவித்தது. அப்படி ஓர் அறிவிப்பு வந்த வீட்டில், வெளியே வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டியதைப் பார்த்து டாப்பை மூடக் கூடாது. நிறுத்தலாம் என்று நகராட்சி சொல்லும் வரை ஓட வேண்டும்.